ஆகஸ்ட் 15க்கு ஹாய்ஸ்ட், ஜனவரி 26க்கு அன்ஃபர்ல் என்பது உண்மையா? கொடியைப் பற்றி ஆங்கிலத்தில் பேசப்போகும் மகளுக்காகக் கேட்கிறேன்

மாரத்தஹள்ளி அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். சொந்த ஊர் திண்டுக்கல், பெங்களூருக்கு வந்து ஒன்பது வருடம் ஆகிறது. மகள் ஏழாம் வகுப்பு. எங்கள் அடுக்ககத்தில் ஆகஸ்ட் 15 அன்று கொடியேற்றியதும் தேசியக் கொடியைப் பற்றி மூன்று நிமிடம் ஆங்கிலத்தில் பேச அவளைக் கூப்பிட்டிருக்கிறார்கள். கன்னடம், தெலுங்கு, மலையாளம், இந்தி, ஒடியா என எல்லா மொழிக்காரர்களும் இருக்கும் இடம். அதனால் பொது நிகழ்ச்சி என்றால் ஆங்கிலம்தான்.

யாரிடமும் கேட்காமல் அவளே எழுதினாள். செங்கோட்டையில் பிரதமர் கொடியை அன்ஃபர்ல் செய்கிறார் என்று ஒரு வரி அதில் இருந்தது. நேற்று ஒத்திகையில் பெரியவர் ஒருவர் எல்லோர் முன்னாலும் அவளை நிறுத்தி, "ஆகஸ்ட் 15க்கு ஹாய்ஸ்ட், ஜனவரி 26க்குத்தான் அன்ஃபர்ல், இதுகூடத் தெரியாமல் மைக் முன்னால் வரலாமா" என்று கேட்டுவிட்டார். வீட்டுக்கு வந்து அழுதவள் இப்போது பேசவே மாட்டேன் என்கிறாள். அந்த நிகழ்ச்சிக்கான அறிவிப்பிலேயே 'ஃப்ளாக் ஹோஸ்டிங்' என்று போட்டிருக்கிறார்கள், அதை யாரும் திருத்தவில்லை.

நான் தமிழ் வழியில் படித்தவள். கொடிமரம், கயிறு, கொடியேற்றம் என்று எனக்குத் தெரிந்ததையெல்லாம் தமிழில் சொல்லிவிடுவேன். அவள் "அம்மா, அந்தக் கயிற்றுக்கு இங்கிலீஷில் தனிப் பெயர் இருக்கிறதா, கம்பத்தை ஒட்டிய ஓரத்துக்கு என்ன பெயர்" என்று கேட்கும்போதுதான் வாயடைத்துப் போகிறது. அவர் சொன்னது சரியா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள். அவள் எழுதியது தவறு என்றால் திருத்திக்கொள்வாள், அதில் எங்களுக்கு வருத்தமில்லை.

எச்எஸ்ஆர் இளைஞன்:

அக்கா, அவர் சொன்ன விதம் தவறு. ஆனால் விஷயம் சரி என்றுதான் நினைக்கிறேன். சுதந்திர தினத்தில் கொடியைக் கம்பத்தின் அடியில் கட்டியிருப்பார்கள். பிரதமர் கயிற்றை இழுக்க, அது கீழிருந்து மேலே போய்ப் பறக்கும். அதுதான் ஹாய்ஸ்ட். குடியரசு தினத்தில் மடித்த கொடி முன்பே உச்சியில் இருக்கும், குடியரசுத் தலைவர் கயிற்றை இழுத்ததும் அங்கேயே விரியும். அது அன்ஃபர்ல். 1947இல் பிரிட்டிஷ் கொடி இறங்கி நம் கொடி ஏறியதை முதலாவது காட்டுகிறது, குடியரசானபோது நாடு ஏற்கெனவே விடுதலை பெற்றிருந்ததை இரண்டாவது காட்டுகிறது என்பார்கள். பள்ளியில் இப்படித்தான் படித்தேன், ஒவ்வொரு வருடமும் வாட்ஸ்அப்பிலும் வருகிறது.

பழைய சிக்னல்காரன்:

அம்மா, நான் கடற்படையில் சிக்னல் பிரிவில் 15 வருடம் இருந்தவன். இப்போது கம்மனஹள்ளியில் இருக்கிறேன். தினமும் கொடிக்கயிறு பிடித்த கை இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பாப்பாவிடம் படித்துக் காட்டுங்கள்.

ஹாய்ஸ்ட் என்பது மேலே ஏற்றுவது. ஃபர்ல் என்பது சுருட்டிக் கட்டுவது, பாய்மரக் கப்பலில் பாயைச் சுருட்டிக் கட்டுவதற்கான சொல். கட்டியதை அவிழ்த்து விரியவிட்டால் அன்ஃபர்ல். ஒன்று இடத்தைப் பற்றியது, மற்றது துணி இருக்கும் நிலையைப் பற்றியது. இரண்டும் வேறு வேறு வேலைகள், ஆனால் ஒரே கொடிக்கு ஒன்றன்பின் ஒன்றாக நடக்கலாம். சுருட்டிய கொடியை உச்சி வரை ஏற்றி, அங்கே ஒரு சுண்டு சுண்டி முடிச்சை அவிழ்ப்பதும் உண்டு. அதற்குக் கப்பலில் ப்ரேக் என்பார்கள். உடைப்பது என்ற பொருளில் அல்ல, கொடி படாரென்று விரிவது என்ற பொருளில். குடியரசு தினத்தில் பார்ப்பது கிட்டத்தட்ட அதுதான்.

இனி பாப்பா கேட்ட கயிறு. அதன் பெயர் ஹேல்யர்ட். இழுப்பது என்ற பொருள் கொண்ட ஹேல் என்ற பழைய ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. கம்பத்தின் தலையில் இருக்கும் தொப்பி போன்ற கட்டைக்கு ட்ரக் என்று பெயர், லாரிக்குச் சொல்லும் அதே சொல். அதற்குள் கயிறு ஓடும் சிறு சக்கரம் ஷீவ். கீழே நம் இடுப்பு உயரத்தில் இரண்டு கொம்பு நீட்டிக்கொண்டு இருக்கும் இரும்பைப் பார்த்திருப்பாள், கயிற்றை எட்டு வடிவில் சுற்றிக் கட்டுவோமே, அது க்ளீட். அலங்காரக் கம்பங்களின் உச்சியில் ஈட்டி முனையோ உருண்டையோ வைத்திருந்தால் அது ஃபினியல்.

கொடியின் ஓரத்தில் தைத்த கயிற்றின் மேல் முனையில் ஒரு சின்ன மரக்கட்டை குறுக்கே இருக்கும். அதுதான் டாகிள். கீழ் முனையில் வெறும் வளையம். ஹேல்யர்டின் கண்ணுக்குள், அதாவது அதன் முனையில் உள்ள வளையத்துக்குள், டாகிளைச் செருகினால் பொத்தான் போட்டது போல நின்றுவிடும். டாகிள் இருக்கும் பக்கம் எப்போதும் மேல்பக்கம். இதைத் தெரிந்தவர்கள் காவி கீழே வரும்படி கொடியைத் தலைகீழாக ஏற்றவே மாட்டார்கள். இந்த ஒரு சொல்லையும் அதன் வேலையையும் பாப்பா கற்றுக்கொண்டால்கூட எனக்குப் போதும்.

சொல்லடுக்கு:

நான் இந்திராநகரில் இருந்து மொழிபெயர்ப்பு வேலை பார்க்கிறேன். அரசு ஆவணங்களோடுதான் பொழுது போகிறது. மேடம், உங்கள் மகள் எழுதிய வரியில் பிழை இல்லை. காரணம் சொல்கிறேன்.

2002 ஜனவரி 26 முதல் நடைமுறையில் இருக்கும் இந்தியக் கொடி விதித்தொகுப்பில் ஒரு விதி உண்டு. கொடியை எதையும் ஏந்தவோ சுமக்கவோ பயன்படுத்தக் கூடாது என்கிறது. கூடவே ஒரு விலக்கும் தருகிறது: குடியரசு தினம், சுதந்திர தினம் போன்ற நாட்களில், கொடி அன்ஃபர்ல் செய்யப்படுமுன் உள்ளே பூவிதழ்கள் வைக்கத் தடையில்லை. இரண்டு நாளின் பெயரையும் சேர்த்துச் சொல்லி, இரண்டுக்கும் அன்ஃபர்ல் என்ற அதே வினையைத்தான் விதியே போடுகிறது. செங்கோட்டை நிகழ்ச்சி பற்றிய அரசுச் செய்திக் குறிப்புகளிலும் பிரதமர் கொடியை அன்ஃபர்ல் செய்வார் என்று வருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

எச்எஸ்ஆர் தம்பி சொன்ன நடைமுறை உண்மைதான். செங்கோட்டையில் கொடி கீழிருந்து ஏறுகிறது, குடியரசு தின விழா நடக்கும் கர்த்தவ்ய பாதையில் உச்சியில் விரிகிறது. அந்த வேறுபாட்டை விளக்க இரண்டு சொல்லையும் பிரித்துப் பயன்படுத்துவது நல்ல பழக்கம். ஆனால் அதிலிருந்து சுதந்திர தினத்துக்கு அன்ஃபர்ல் என்று சொல்லவே கூடாது என்ற முடிவுக்கு எந்த விதியும் எந்த அகராதியும் இடம் தரவில்லை. ஏறிய கொடியும் காற்றில் விரியத்தானே செய்கிறது?

'ஹோஸ்டிங்' கட்டாயம் திருத்தப்பட வேண்டியது. ஹோஸ்ட் என்றால் விருந்தினரை வரவேற்று நடத்துபவர். ஹாய்ஸ்ட் என்ற சொல்லில் ஓ எழுத்துக்குப் பின் ஐ எழுத்து வரும். அது விழுந்துவிட்டால் பொருளே மாறிவிடுகிறது. பெங்களூரில் எத்தனையோ அழைப்பிதழ்களில் இந்தப் பிழையைப் பார்த்துவிட்டேன்.

எச்எஸ்ஆர் இளைஞன்:

பூவிதழ் விதி எனக்குத் தெரியாது சார். இத்தனை வருடம் நானும் மற்றவர்களைத் திருத்திக்கொண்டு இருந்திருக்கிறேன். அக்கா, தங்கச்சியிடம் அவள் எழுதியது சரி என்று சொல்லிவிடுங்கள்.

கொடிப்பித்தன்:

கொடிகளைப் பற்றிப் படிப்பதற்கென்றே ஒரு துறை இருக்கிறது, அதற்கு வெக்சிலாலஜி என்று பெயர். ரோமானியப் படை ஏந்திய வெக்சிலம் என்ற கொடியிலிருந்து வந்த பெயர். 1950களின் பிற்பகுதியில் விட்னி ஸ்மித் என்ற அமெரிக்க ஆய்வாளர் உருவாக்கிய சொல். எனக்குப் பத்து வயதிலிருந்து இதுதான் கிறுக்கு. அதனால் கம்பத்தை விட்டுவிட்டுத் துணிக்கு வருகிறேன்.

கம்பத்தை ஒட்டிய ஓரத்துக்கும் ஹாய்ஸ்ட் என்றுதான் பெயர். வினையாக வந்தால் ஏற்றுவது, பெயராக வந்தால் அந்தப் பக்கம். எதிரே, காற்றில் படபடக்கும் ஓரம் ஃப்ளை. அதனால் வெக்சிலாலஜிக்காரர்கள் இடது, வலது என்று சொல்வதில்லை. பின்னாலிருந்து பார்த்தால் இடமும் வலமும் மாறிவிடும், ஹாய்ஸ்டும் ஃப்ளையும் மாறாது. இலங்கைக் கொடியை இப்படிச் சொல்லிப் பாருங்கள்: பச்சை, காவிப் பட்டைகள் ஹாய்ஸ்ட் பக்கம், வாளேந்திய சிங்கம் ஃப்ளை பக்கம். எந்தப் பக்கம் நின்று பார்ப்பவருக்கும் புரியும். பங்களாதேஷ் கொடியின் சிவப்பு வட்டம் நடுவில் இருக்காது, ஹாய்ஸ்ட் பக்கம் சற்றுத் தள்ளி இருக்கும். பறக்கும்போது நடுவில் இருப்பது போலத் தெரிய வேண்டும் என்பதற்காகவே அப்படி வைத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்த கணக்கு இது.

ஹாய்ஸ்ட் பக்கத்து மேல் கால்பகுதிக்கு கேன்டன் என்று பெயர். மலேசியக் கொடியில் பிறையும் நட்சத்திரமும் இருக்கும் நீலக் கட்டம் கேன்டன். அமெரிக்கர்கள் தங்கள் கொடியில் அதையே யூனியன் என்பார்கள். நம் தேசியக் கொடியில் கேன்டன் கிடையாது, அதனால் பாப்பா அந்தச் சொல்லைத் தேடி அலைய வேண்டாம். ஆனால் 2022 செப்டம்பர் 2 அன்று கொச்சியில் விக்ராந்த் கப்பல் படையில் சேர்ந்தபோது வெளியிட்ட கடற்படைக் கொடியில், மூவண்ணக் கொடி கேன்டனில்தான் அமர்ந்திருக்கிறது. முன்பிருந்த செயின்ட் ஜார்ஜ் சிலுவையை, அதாவது இங்கிலாந்துக் கொடியின் சிவப்புச் சிலுவையை, அப்போது எடுத்துவிட்டார்கள்.

பின்னணி முழுவதும் ஃபீல்டு. அதன்மேல் வரும் உருவம் சார்ஜ். பாண்டியரின் மீன், சோழரின் புலி, சேரரின் வில் எல்லாம் இந்தக் கணக்கில் சார்ஜ்தான். மேடையில் சார்ஜ் என்று சொன்னால் கேட்பவர்கள் போன் சார்ஜ் என்று நினைத்துவிடலாம், அதனால் எம்ப்ளம் என்று சொன்னாலே போதும்.

பெங்களூர்க் குழந்தைக்குப் பயிற்சி செய்ய வசதியான கொடி தெருவிலேயே இருக்கிறது. ஆட்டோ ஸ்டாண்டுகளிலும் நவம்பர் 1 ராஜ்யோத்சவ ஊர்வலங்களிலும் பறக்கும் மஞ்சள் சிவப்புக் கன்னடக் கொடி. இரண்டு நிறம், கிடைமட்டம், மேலே மஞ்சள், கீழே சிவப்பு, எம்ப்ளம் இல்லை. அதை ஆங்கிலத்தில் ஹாரிசான்டல் பைகலர் என்று ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். இதைச் சொல்லப் பழகியவளுக்கு ஹாரிசான்டல் ட்ரைகலர் தானாக வரும்.

மாரத்தஹள்ளி அம்மா:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. பூவிதழ் விஷயத்தைப் படித்துக் காட்டியதும் அவள் முகம் மாறிவிட்டது. மறுபடி பேனா எடுத்துவிட்டாள். டாகிளைப் பார்க்க வேண்டும் என்று கீழே போய்க் காவலரிடம் கொடியை எடுத்துக் காட்டச் சொன்னாளாம். எங்கள் அடுக்ககக் கொடியில் டாகிளே இல்லை, ஓரத்தில் இரண்டு பித்தளை வளையம்தான் இருக்கிறது. அப்படியும் இருக்கலாமா? இன்னொன்று, பட்டைகளை ஸ்ட்ரைப் என்று சொல்வதா, பேண்டு என்று சொல்வதா?

கதர்க்கடை:

சிவாஜிநகர் பக்கம் கதர்க்கடையில் வேலை செய்கிறேன். ஆகஸ்ட் பிறந்தால் எங்களுக்குக் கொடி விற்கும் வேலைதான். வளையத்துக்கு ஐலெட் என்று பெயர். சந்தையில் வரும் பாலியஸ்டர் கொடிகளில் அது உண்டு. கொடி விதித்தொகுப்பில் 2021 டிசம்பர் 30 அன்று செய்த திருத்தத்துக்குப் பிறகு பாலியஸ்டரும் இயந்திரத் தயாரிப்பும் அனுமதிக்கப்பட்டவைதான். அதனால் உங்கள் கொடியில் தப்பில்லை.

ஆனாலும் கதர்க்கொடியை ஒருமுறை பாப்பா தொட்டுப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். கொடிக்கான தர அளவுகோலின் எண் என்ன தெரியுமா? ஐஎஸ் 1. இந்தியத் தரநிலைகளின் வரிசையில் முதல் எண்ணே தேசியக் கொடிக்குத்தான். நம் கர்நாடகத்திலேயே ஹூப்ளி பக்கம் பெங்கேரியில் அந்த முத்திரையோடு கதர்க்கொடி தைக்கும் கூடம் இருக்கிறது. அங்கே இரண்டு வகைத் துணி வேண்டும். பறக்கும் பகுதிக்குப் பன்ட்டிங் என்ற மெல்லிய துணி. கயிறு நுழையும் ஓரப்பட்டைக்கு டக் என்ற கனமான துணி. வாத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, துணி என்று பொருள்படும் டச்சுச் சொல்லிலிருந்து வந்ததாம். அந்த ஓரப்பட்டைதான் ஸ்லீவ், சட்டைக்கைக்குச் சொல்வோமே, அதே சொல். கயிறு அதற்குள் கை போல நுழைவதைப் பார்த்தால் ஏன் அந்தப் பெயர் என்று புரிந்துவிடும்.

வாங்க வருகிறவர்கள் அளவு கேட்கும்போது தடுமாறுவார்கள். நீளம் மூன்று பங்கு என்றால் உயரம் இரண்டு பங்கு, அவ்வளவுதான். விதியில் மொத்தம் ஒன்பது அளவுகள். பெரியது 6300க்கு 4200 மில்லிமீட்டர், சின்னது 150க்கு 100, அது மேசைமேல் வைப்பது. காரில் வைப்பது 225க்கு 150.

சொல்லடுக்கு:

ஸ்ட்ரைப், பேண்டு இரண்டும் வழக்கில் உண்டு. அமெரிக்கக் கொடி போல மெல்லியதாகப் பல இருந்தால் ஸ்ட்ரைப், நம் கொடி போல அகலமாக மூன்று இருந்தால் பேண்டு பொருந்தும். 1947 ஜூலை 22 அன்று அரசியல் நிர்ணய சபையில் நேரு கொண்டுவந்த தீர்மானத்தில் வெள்ளைப் பகுதியை பேண்டு என்றுதான் குறித்திருக்கிறார்கள். விதித்தொகுப்போ பேனல் என்கிறது. ஒரு சொல்லை எடுத்தால் பேச்சு முடியும் வரை அதையே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

அந்தத் தீர்மானத்தில் அகலத்துக்கும் நீளத்துக்குமான விகிதம் 2க்கு 3 என்று இருக்கும். விதித்தொகுப்பில் நீளத்துக்கும் உயரத்துக்கும் 3க்கு 2 என்று இருக்கும். இரண்டும் ஒன்றுதான், எதை முதலில் சொல்கிறோம் என்பதுதான் வேறுபாடு. இதை வைத்தும் யாராவது குழந்தையை நிறுத்திவிடக் கூடாது.

மேலே இருப்பது ஆரஞ்சு அல்ல, சாஃப்ரன். விதியில் இந்தியா சாஃப்ரன் என்று எழுதிப் பக்கத்தில் கேசரி என்றும் போட்டிருக்கிறார்கள். சக்கரத்தின் நிறம் நேவி ப்ளூ. ஆரங்களுக்கு ஸ்போக்ஸ், 24.

அல்சூர் டீச்சர்:

நான் ஆங்கில ஆசிரியை, ஓய்வு பெற்று நான்கு வருடம் ஆகிறது. பெயர்ச்சொற்களை நீங்கள் எல்லோரும் கொடுத்துவிட்டீர்கள். பிள்ளைகள் தடுக்கி விழுவது வினைச்சொற்களில்தான், அதைக் கொஞ்சம் பார்ப்போம்.

தமிழில் கொடி பறக்கிறது என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவோம். ஆங்கிலத்தில் காற்றைப் பொறுத்துச் சொல் மாறும். கம்பத்தில் இருக்கிறது என்பதைச் சொல்ல ஃப்ளை போதும். லேசான காற்றில் படபடத்தால் ஃப்ளட்டர். பலமான காற்றில் நேராக நீண்டு நின்றால் ஸ்ட்ரீம். காற்றே இல்லாமல் துவண்டு தொங்கினால் ட்ரூப். வேவ் என்பது கையில் பிடித்து ஆட்டுவதற்கும் வரும், தானே அசைவதற்கும் வரும். பாப்பா அன்று காலையில் கம்பத்தைப் பார்த்துவிட்டு இவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சொன்னால் பேச்சு மனப்பாடம் போலவே இருக்காது.

நிறங்களுக்குப் பொருள் சொல்லும்போது எல்லாப் பிள்ளைகளும் மீன்ஸ் என்பார்கள். சாஃப்ரன் மீன்ஸ் என்று தொடங்குவது சரியாக ஒலிக்காது. ஸ்டாண்ட்ஸ் ஃபார், சிம்பலைசஸ், டினோட்ஸ் ஆகியவை நல்ல சொற்கள். அரசியல் நிர்ணய சபையில் கொடியை விளக்கிப் பேசியபோது நம் திருத்தணி மண்ணில் பிறந்த ராதாகிருஷ்ணன் டினோட்ஸ் என்றே சொன்னார். காவி பற்றற்ற துறவு, வெள்ளை நம் நடத்தைக்கு வழிகாட்டும் ஒளி, பச்சை மண்ணோடும் பயிரோடும் நமக்குள்ள உறவு, சக்கரம் அறமும் இயக்கமும். காவி என்றால் வீரம் என்று மட்டும் சொல்லி முடிக்கும் பேச்சுகளைக் கேட்கும்போதெல்லாம் இந்த விளக்கத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காமல் விட்டுவிட்டோமே என்று வருந்துவேன்.

கொடியைக் கீழே கொண்டுவருவதற்கு லோயர் என்று சொல்லட்டும். சில அகராதிகளில் ஸ்ட்ரைக் என்றும் பார்ப்பாள். அதைத் தொட வேண்டாம், போரில் சரணடைந்து கொடியை இறக்குவதற்கான சொல் அது. டிப் என்பது வணக்கம் தெரிவிக்கக் கொடியைச் சற்றுத் தாழ்த்துவது. நம் கொடியை எந்த மனிதருக்கும் எந்தப் பொருளுக்கும் டிப் செய்யக் கூடாது என்பது விதி. இதைப் பேச்சில் சேர்த்தால் கேட்பவர்களுக்குச் சிலிர்க்கும்.

பழைய சிக்னல்காரன்:

டீச்சரம்மா சொன்ன டிப் மிக முக்கியம். வணிகக் கப்பல்கள் போர்க்கப்பலைக் கடக்கும்போது தங்கள் கொடியைப் பாதி இறக்கி ஏற்றும். அந்த மரியாதைக்குத்தான் டிப் என்று பெயர்.

துக்க நாட்களில் வரும் ஹாஃப் மாஸ்ட் பற்றியும் பாப்பா தெரிந்துகொள்ளட்டும். அமெரிக்காவில் தரைமேல் உள்ள கம்பத்துக்கு ஹாஃப் ஸ்டாஃப் என்பார்கள், மாஸ்ட் என்பதைக் கப்பலுக்கு வைத்துக்கொள்வார்கள். நம் விதித்தொகுப்பில் தரையிலும் ஹாஃப் மாஸ்ட்தான். கொடியை நேராகப் பாதிக் கம்பத்தில் கட்டிவிடக் கூடாது. முதலில் உச்சி வரை ஏற்றி, ஒரு கணம் நிறுத்தி, பிறகு பாதிக்கு இறக்க வேண்டும். மாலையில் இறக்கும் முன்பும் மறுபடி உச்சிக்குப் போய்த்தான் கீழே வர வேண்டும். முதல் தடவை அப்படி ஏற்றி இறக்கியபோது என் கை நடுங்கியது இன்னும் நினைவிருக்கிறது.

நெல்லைச் சீமை:

எல்லோரும் நன்றாகச் சொல்கிறீர்கள். ஆனால் எனக்கு ஒரு ஆதங்கம். நெல்லையப்பர் கோயில் ஆனித் திருவிழா கொடியேற்றத்தோடுதான் தொடங்கும். கொடிமரம், கொடித்துணி, கொடிக்கயிறு, கடைசியில் கொடியிறக்கம் என எல்லாவற்றுக்கும் நம்மிடம் சொல் இருக்கிறது. பெங்களூரில் பிறந்து வளரும் நம் பிள்ளைகளுக்கு ஹேல்யர்டும் டாகிளும் சொல்லிக்கொடுக்கும் அளவுக்கு இதைச் சொல்லிக்கொடுக்கிறோமா? அந்தக் குழந்தை ஏன் இரண்டு வரி தமிழிலும் பேசக் கூடாது?

மாரத்தஹள்ளி அம்மா:

அண்ணா, வீட்டில் நாங்கள் தமிழ்தான். அவளுக்கு எழுதவும் படிக்கவும் நான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். ஆனால் அந்த மூன்று நிமிடம் அங்கே நிற்கும் எல்லோருக்கும் உரியது. அவள் இரண்டு வரி தமிழில் சொன்னால், பக்கத்து வீட்டு ஒடியாப் பையன் ஏன் எனக்கு இடமில்லை என்று கேட்பான். அந்தக் கேள்வி நியாயமானது என்றுதான் எனக்குப் படுகிறது. நீங்கள் சொன்ன கொடியிறக்கம் என்ற சொல்லை அவளுக்கு நான் சொல்லியிருக்கவில்லை. இன்று சொன்னேன்.

பழைய சிக்னல்காரன்:

நெல்லைக்காரரே, உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆங்கிலமும் நம்மிடம் வாங்கித்தான் இருக்கிறது. தென்னைநாருக்கு ஆங்கிலத்தில் காயர் என்கிறார்களே, அது கயிற்றைக் குறிக்கும் மலையாளச் சொல், நம் கயிறுக்கு உடன்பிறப்பு. கட்டுமரம் கேட்டமரன் ஆகி உலகம் சுற்றுகிறது. பாப்பா ஹேல்யர்ட் கற்றுக்கொள்ளும் அன்றே காயரின் கதையையும் கேட்கட்டும்.

எச்எஸ்ஆர் இளைஞன்:

ஒரு சேர்க்கை. முன்பெல்லாம் மாநிலங்களில் சுதந்திர தினத்திலும் ஆளுநர்தான் கொடியேற்றுவார். முதலமைச்சர்களுக்கு அந்த உரிமை வேண்டும் என்று மத்திய அரசிடம் வலியுறுத்தியவர் கலைஞர் கருணாநிதி. 1974 ஆகஸ்ட் 15 முதல் அது நடைமுறைக்கு வந்தது. கப்பன் ரோடு பக்கம் மானெக்‌ஷா பரேடு மைதானத்தில் கர்நாடக முதல்வர் அன்று கயிற்றை இழுப்பதற்கும் அதுதான் தொடக்கம். ஜனவரி 26க்கு இன்றும் ஆளுநர்தான். தங்கச்சியின் பேச்சில் ஒரு வரிக்கு இடமிருந்தால் சேர்க்கலாம்.

அல்சூர் டீச்சர்:

நல்ல செய்தி. ஆனால் மூன்று நிமிடத்தில் எல்லாவற்றையும் திணிக்க வேண்டாம் தம்பி. ஐந்து புதிய சொல் போதும், மற்றவை அவளுக்குத் தெரிந்த சொற்களாகவே இருக்கட்டும். அம்மா, எழுதி முடித்ததும் ஒருமுறை சத்தமாக வாசிக்கச் சொல்லுங்கள். மூச்சு முட்டும் இடத்தில் வாக்கியத்தை உடைத்துவிடலாம்.

மாரத்தஹள்ளி அம்மா:

இன்று ஆகஸ்ட் 15, இரவு. உங்களிடம் சொல்லாமல் தூங்க முடியாது.

பேசினாள். "இன்று காலை நம் கொடி ஹாய்ஸ்ட் செய்யப்பட்டது, காற்றில் அன்ஃபர்ல் ஆனது" என்று இரண்டு சொல்லையும் அடுத்தடுத்து வைத்தே தொடங்கினாள். அந்தப் பெரியவர் முன்வரிசையில்தான் இருந்தார். முடிந்ததும் அவரே எழுந்து வந்து, பூவிதழ் விதி எங்கே இருக்கிறது என்று அவளிடம் கேட்டார். அவள் எடுத்துக் காட்டினாள், அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு நின்றபடியே படித்தார். பிறகு தலையைத் தடவிவிட்டுப் போனார். அறிவிப்புப் பலகையில் ஹோஸ்டிங்கையும் யாரோ பேனாவால் திருத்தியிருக்கிறார்கள்.

காலையில் காற்று இல்லை. அதனால் ஃப்ளட்டர் என்று எழுதியிருந்ததை அந்த நேரத்தில் மாற்றி, "இட் இஸ் ட்ரூப்பிங் நௌ, பட் இட் வில் ஃப்ளை" என்று சொன்னாள். டீச்சரம்மா, அது உங்கள் சொல்.

மாலையில் கொடியை இறக்கினோம். 2022 முதல் வீடுகளில் இரவும் பறக்கலாம் என்று இருந்தாலும், சூரியன் மறையும்போது இறக்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. மெதுவாக இறக்கச் சொல்லிக் காவலர் பக்கத்திலேயே நின்றாள். இப்போது அது எங்கள் வீட்டு மேசைமேல் இருக்கிறது. இதை எப்படி மடிப்பது ஐயா? புடவை மடிப்பது போல மடிக்க எனக்கு மனம் வரவில்லை.

பழைய சிக்னல்காரன்:

கேட்டதே சந்தோஷம். கொடியை அகலமாக விரித்து வையுங்கள். காவிப் பட்டையையும் பச்சைப் பட்டையையும் வெள்ளைக்கு அடியில் மடித்துவிடுங்கள், ஆங்கிலத்தில் ஃபோல்டு அண்டர். இப்போது மேலே வெள்ளை மட்டும் நீளமாகத் தெரியும். அதன் இரண்டு முனைகளையும் நடுவை நோக்கி மடியுங்கள். கடைசியில் அசோகச் சக்கரமும் அதையொட்டிக் காவியும் பச்சையும் கொஞ்சம் தெரிய வேண்டும். பிறகு பாப்பாவின் இரு உள்ளங்கைமேல் வைத்து அலமாரிக்கு எடுத்துப் போகச் சொல்லுங்கள்.